வந்தவர்கள் எழுப்பிய நகரம்



பாரிஸில் எங்கள் குடியிருப்பில் மொரோக்கோக்காரர்கள் பலர். ஊர்ப் பேச்சு எழுந்தால் அவர்கள் வாயில் ஃபெஸ் நகரின் பெயர் வராமல் போகாது. இந்த மடலை அந்த ஃபெஸ்ஸிலிருந்துதான் எழுதுகிறேன்.

ஃபெஸ் எல் பாலி எனப்படும் பழைய நகருக்குள் கார் நுழைய முடியாது. ஆயிரக்கணக்கான சந்துகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கின்றன. அரசு அனுமதி பெற்ற வழிகாட்டி ஒருவரோடு நடந்தேன். அங்கேயே பிறந்து வளர்ந்த முதியவர். நீல ஓடு பதித்த பாப் பூஜ்லூத் வாசலில் தொடங்கி, தாலா கெபீரா தெருவின் சரிவில் இறங்கினோம். "பாலக்! பாலக்!" என்று பின்னால் குரல் கேட்டால் உடனே சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். எரிவாயு உருளைகளைச் சுமந்த கோவேறு கழுதை உரசிக்கொண்டு கடந்து போகும்.

வழியில் பூ இனானியா மதரசா. 1350-களில் மரினித் அரசமரபின் சுல்தான் அபூ இனான் கட்டியது. சுவரின் அடியில் வண்ண ஓடுகள், அதற்கு மேல் செதுக்கிய சுண்ணச்சாந்து, உச்சியில் தேவதாரு மர வேலைப்பாடு. கண் மேலே ஏற ஏற வேலைப்பாடு நுணுகிக்கொண்டே போகிறது.

ஆனால் என்னை நிறுத்தி வைத்தது இந்த நகரத்தின் பிறப்பு. 789-இல் இதற்கு அடித்தளமிட்டவராகச் சொல்லப்படும் முதலாம் இத்ரீஸ், அப்பாசிய கலீஃபாக்களின் வாளுக்குத் தப்பி அரேபியாவிலிருந்து வந்தவர். 818-இல் ஸ்பெயினின் கொர்டோபாவில் எமீரை எதிர்த்த கிளர்ச்சி நசுக்கப்பட்டபோது, துரத்தப்பட்ட குடும்பங்கள் இங்கே ஆற்றின் ஒரு கரையில் குடியேறின. துனிசியாவின் கைரவானிலிருந்து வந்தவர்கள் மறுகரையில் வீடு கட்டினர். இரண்டு கரைகளும் தனித்தனி மதில்களோடு நெடுங்காலம் இருந்தன. 11ஆம் நூற்றாண்டில் அல்மொராவித் அரசர்கள்தான் அவற்றை ஒன்றாக்கினார்கள். இன்றும் ஒரு கரை கொர்டோபாவிலிருந்து வந்த அந்தலூசியர் பெயரையும், மறுகரை கைரவானியர் பெயரையும் தாங்கி நிற்கிறது.

அந்தக் கைரவான் குடும்பங்களில் ஒன்றின் மகள் ஃபாத்திமா அல் ஃபிஹ்ரி. தந்தை விட்டுச்சென்ற செல்வத்தைக் கொண்டு 859-இல் கரவிய்யீன் பள்ளிவாசலை எழுப்பினாள் என்பது மரபு. அதை ஒட்டி வளர்ந்த கல்விக்கூடம் இன்று பல்கலைக்கழகம். முஸ்லிம் அல்லாதவர் உள்ளே போக முடியாததால் வாசலில் நின்றே முற்றத்தைப் பார்த்தேன். நெடுநேரம் நகர மனம் வரவில்லை.

பிறகு ஷுவாரா தோல் பதனிடும் களம். மேல்மாடத்துக்கு ஏறும்போது கையில் புதினாக் கொத்து தருகிறார்கள். நாற்றத்துக்கு அதுதான் மருந்து. கீழே கல் தொட்டிகளில் சுண்ணாம்பும் புறா எச்சமும் கலந்த நீர், அடுத்த வரிசையில் சாயங்கள். இடுப்பளவு இறங்கி நின்று மனிதர்கள் தோலை மிதிக்கிறார்கள். படமெடுக்கும் நாம் அந்த உழைப்பின் கடுமையையும் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இந்த நகரை எழுப்பியவர்களைப் போல நாங்களும் ஊரை விட்டு வந்தவர்கள்; போரால் வந்த ஈழத்தவர்கள். வந்த இடத்தில் கோயில் கட்டினோம், தமிழ்ப் பள்ளி நடத்துகிறோம். இவை எங்கள் பிள்ளைகளுக்குத் தேவையே. ஆனால் கைரவானிலிருந்து வந்த குடும்பத்துப் பெண் எழுப்பியது ஃபெஸ் முழுவதற்கும் சொந்தமானது. அதனால்தான் அந்த ஊர் அவளை அயலாளாக நினைப்பதில்லை. நாங்களும் வாழும் நகரங்களில் எல்லோருக்கும் திறந்திருக்கும் ஒரு நூலகத்தையாவது எழுப்ப வேண்டும். அதற்கான கைகளும் பணமும் இன்று எங்களிடம் இருக்கின்றன.