திரும்பி வரும் படகு

சென்ற ஆண்டு ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், திருப்பலி முடிந்து வீடு திரும்பிக் காலைச் சிற்றுண்டி அருந்திக்கொண்டிருந்தபோது, என் இளைய மகன் தயங்கித் தயங்கி, "அப்பா, ஒரு சிறு படகு வாங்கலாம் என்றிருக்கிறேன்" என்றான். என் மனைவி சிரித்துவிட்டாள். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் சிட்லபாக்கத்துத் தெருக்களில் நீர் நிற்கும் அழகை அறிந்தவர்களுக்கு, இங்கே வீட்டுக்கொரு படகு வேண்டும் என்பது பழைய வேடிக்கைப் பேச்சு. ஆனால் அவன் வேடிக்கை பேசவில்லை. சோழிங்கநல்லூரில் மென்பொருள் அலுவலகம் ஒன்றில் பணியாற்றும் அவனுக்கு, முட்டுக்காட்டுக் கழியிலே 'கயாக்' என்னும் ஒற்றை ஆள் படகில் அமர்ந்து, தூண்டிலிட்டுக் கொடுவா மீன் பிடிக்க வேண்டுமென்பது ஆசை. எந்தப் படகை வாங்குவது என்பதில்தான் அவனுக்குக் குழப்பம். எனக்கோ, படகு என்ற சொல்லே கையிலிருந்த இட்டிலித் துண்டைக் கீழே வைக்கச் செய்தது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். 1972-ஆம் ஆண்டு எனக்கு வயது 14. என் தம்பிக்கு 11. அக்காலத்துச் சிட்லபாக்கம் ஏரியைச் சுற்றி வயலும் பனையுமாக இருந்தன. மழை முடிந்த தை மாதத்தில் நீர் ததும்பி நின்றது. நாங்கள் இருவரும் நான்கு வாழைத்தண்டுகளை இணைத்துக் கயிற்றால் கட்டி மிதவை செய்தோம். தம்பி அதன்மேல் ஏறி நெடுந்தூரம் சென்றுவிட்டான். நடு ஏரியில் கட்டு அவிழ்ந்தது. தண்டுகள் நான்கும் நான்கு பக்கம் போயின. அவனுக்கு நீச்சல் தெரியாது. எனக்கும் தெரியாது. மாலையில்தான் அவனைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அன்று முதல் என் தாயார் எங்கள் வீட்டில் நீரைப் பற்றிய பேச்சையே விலக்கிவிட்டார்கள். தாயார் மறைந்த பின்பு அந்தத் தடையை நான் ஏற்றுக்கொண்டேன். என் மக்கள் இருவரும் ஏரிக்கரையில் கால் வைக்கக்கூடாது. கடற்கரைக்குப் போனால் மணலோடு திரும்பவேண்டும். இதுவே எங்கள் வீட்டுச் சட்டம்.

"உனக்கு நீந்தவே தெரியாதே" என்றேன். அவன் தலைகுனிந்து, "தெரியும் அப்பா. கல்லூரி விடுதியில் இருந்தபோதே கற்றுக்கொண்டேன். நீங்கள் வருந்துவீர்கள் என்று சொல்லவில்லை" என்றான். பத்து ஆண்டுகளுக்கு மேலாக அவன் மறைத்து வைத்திருந்த செய்தி! அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் விதித்த தடை அவனை நீரிலிருந்து காக்கவில்லை. என்னிடமிருந்து மறைக்கத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறது. நல்ல வேளை, அவன் ஆசிரியர் ஒருவரிடம் முறையாகக் கற்றான். வேறு ஏதேனும் ஏரியில் வாழைத்தண்டின் மேல் கற்றிருந்தால்? விடிந்ததும் அவனிடம், "வாங்குவதாக இருந்தால் அறிந்தவர்களைக் கேட்டு வாங்குவோம். நானும் வருகிறேன்" என்றேன்.

அறிந்தவர் ஒருவர் எங்களுக்கு உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு பெருக்கெடுத்து முடிச்சூரை மூழ்கடித்தபோது, என் தமக்கை தன் வீட்டு மாடியில் ஓர் இரவும் ஒரு பகலும் சிக்கியிருந்தாள். கடலோரக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் தங்கள் பைபர் படகுகளை லாரிகளில் ஏற்றிவந்து மக்களை மீட்டார்கள் அல்லவா? அவர்களுள் கோவளத்தைச் சேர்ந்த ஒருவர்தாம் என் தமக்கையைக் கைப்பிடித்து இறக்கினார். அன்று தொடங்கிய உறவு. ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் அன்று தமக்கையின் பலகாரம் அவர் வீட்டுக்குப் போகும். மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து, அடுத்த சனிக்கிழமை அவரைத் தேடிச் சென்றோம்.

மகன் தன் கைப்பேசியில் விதவிதமான படகுப் படங்களைக் காட்டினான். அவர் பார்த்துவிட்டு, "தம்பி, மீனைப் பார்த்துப் படகு வாங்காதீங்க. தண்ணியைப் பார்த்து வாங்குங்க. எந்தத் தண்ணியில போகப் போறீங்க? அதை முதல்ல சொல்லுங்க" என்றார். அந்த ஒரு கேள்வியிலேயே பாதிக் குழப்பம் தீர்ந்தது.

கயாக் என்பது வடதுருவப் பகுதியில் வாழும் இனுவிட் மக்கள் கண்ட படகு. மரத்தாலும் எலும்பாலும் சட்டம் கட்டி, கடல்நாயின் தோலைப் போர்த்தி, இடுப்பளவு துளையில் உட்கார்ந்து செலுத்துவார்கள். உறைபனி நீர் உடலில் படாதிருக்க அந்த அமைப்பு அவர்களுக்கு இன்றியமையாதது. இன்று அதே வடிவம் பாலிஎத்திலீன் என்னும் பிளாஸ்டிக்கில் வார்க்கப்படுகிறது. இதில் இரு வகை. ஒன்று, உள்ளே கால் நீட்டி அமரும் வகை. கவிழ்ந்தால் உள்ளே நீர் புகும், இறைத்து வெளியேற்ற வேண்டும். மற்றொன்று, மேலே அமரும் வகை. மூடிய உடலின்மேல் இருக்கை இருக்கும். அலை மேலே ஏறினாலும் தட்டில் உள்ள துளைகள் வழியே நீர் தானே வடிந்துவிடும்.

இரண்டாவது வகையைக் கேட்டதும் மீனவ நண்பர் சிரித்தார். "இது நம்ம கட்டுமரம்தானே!" உண்மைதான். இலேசான மரங்களைச் செதுக்கி வரிசைப்படுத்திக் கயிற்றால் கட்டிய நம் கட்டுமரத்தில் நீர் நிற்பதில்லை. மரங்களின் இடுக்கு வழியே இறங்கிவிடும். நிரம்பாத படகு மூழ்குவதுமில்லை. கரை சேர்ந்ததும் கட்டைப் பிரித்து மரங்களை உலரப் போடுவார்கள். ஆங்கிலேயர் தங்கள் மொழியில் சேர்த்துக்கொண்ட தமிழ்ச் சொற்களுள் கட்டுமரமும் ஒன்று என்பதை வாசகர்கள் அறிவார்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பின்பு இக்கரையெங்கும் பைபர் படகுகள் பெருகி, கட்டுமரம் அருகிவிட்டது. ஆயினும் அதன் அறிவு அருகவில்லை என்பதை அன்று கண்டேன்.

படகைத் தேர்ந்தெடுப்பது சிறு காரியமன்று என்பதற்குச் சான்று நம் மாநிலத்திலேயே உண்டு. பெல்ஜியம் நாட்டிலிருந்து வந்த இயேசு சபைக் குரு பியர் ஜிலே அவர்கள், கப்பற் பொறியியல் கற்றவர். குமரி மாவட்டத்து முட்டத்தில் படகு கட்டும் நிலையம் அமைத்து, ஒட்டுப்பலகையால் சிறு மீன்பிடி படகுகளை உருவாக்கினார். 1979-இல் தொடங்கிச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்தினரும் அலை மோதும் கரையில் இறங்கத்தக்க படகுகளைச் சோதித்துப் பார்த்தார்கள். தம் அனுபவங்களைப் பற்றி 1985-இல் வெளிவந்த நூலுக்கு ஜிலே அடிகளார் இட்ட தலைப்பு, 'சிறியது கடினமானது' என்று பொருள்படும். கற்றறிந்த பொறியாளருக்கே கடினமாயிருந்தது, நமக்கு எளிதாகுமா?

இனி, அன்று நாங்கள் கற்றவற்றைச் சுருங்கச் சொல்கிறேன். படகு வாங்க எண்ணும் இளைஞர் எவருக்கேனும் பயன்படலாம். முட்டுக்காட்டுக் கழி பெரும்பாலும் அமைதியான நீர். ஆகவே விரைந்து செல்லும் ஒடுங்கிய நீண்ட படகு வேண்டா. 10 முதல் 12 அடி நீளமும், 30 அங்குலத்துக்குக் குறையாத அகலமும் உள்ளது போதும். அகலம் கூடினால் ஆட்டம் குறையும், வேகமும் குறையும். தூண்டில்காரனுக்கு ஆட்டமின்மையே பெரிது. கொடுவா வலிய மீன். தூண்டிலில் பட்டதும் துள்ளி இழுக்கும். அந்நேரத்தில் ஒரு பக்கம் சாய்ந்தாலும் படகு தாங்கவேண்டும். படகு சுமக்கும் என்று எழுதியிருக்கும் எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஏற்றலாகாது. ஆளின் எடை, தூண்டில், குடிநீர், பனிக்கட்டிப் பெட்டி எல்லாம் அதில் அடக்கம். காலால் மிதித்துச் செலுத்தும் வகை கைகளுக்கு ஓய்வு தரும்; ஆனால் விலையும் எடையும் மிகுதி, ஆழமற்ற இடத்தில் அதன் உறுப்பு தரை தட்டும். முட்டுக்காட்டில் மணல்திட்டுகள் பல. எனவே துடுப்பே மேல். ஏறக்குறைய 30 கிலோ எடையுள்ள படகை வண்டியின் மேல் ஏற்றி இறக்க இருவர் வேண்டும் என்பதையும் வாங்குமுன்பே நினைக்கவேண்டும்.

"எல்லாத்துக்கும் முன்னாடி மிதவைச் சட்டை வாங்குங்க. காசு மிச்சமிருந்தா படகு வாங்குங்க" என்றார் நண்பர். மேலும் சொன்னார்: "மழைக்காலத்துல முகத்துவாரம் திறந்திருக்கும். வத்தம் இறங்கும்போது அந்தப் பக்கம் போகவே கூடாது. தண்ணி கடலுக்கு இழுத்துக்கிட்டுப் போயிடும். கரையிலிருந்து கடல் பக்கம் காத்து அடிக்கிற அன்னைக்கு, போறது சுகமா இருக்கும். திரும்பி வர முடியாது. படகோட வேலை போறது இல்லீங்க ஐயா, திரும்பி வர்றது." கழியில் படகு விடவும் தூண்டில் போடவும் யாரிடம் சொல்லவேண்டும், பரம்பரையாக வலை போடும் இடங்கள் எவை, அவற்றை விட்டு எவ்வளவு விலகியிருக்க வேண்டும் என்பவற்றையும் கூறினார். பிழைப்புக்கு மீன் பிடிப்பவனின் இடத்தில் பொழுதுபோக்குக்குப் போகிறவன் விருந்தாளியாக நடந்துகொள்ள வேண்டும் அல்லவா?

கொடுவாவைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. அது முதலில் ஆணாக முதிர்ந்து, வளர்ந்தபின் பெண்ணாக மாறும் இயல்புடையது. ஆகவே மிகப் பெரிய மீன்கள் பெரும்பாலும் முட்டையிடும் தாய்மீன்களே. சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனம் 1997-இல் இம்மீனை வளர்ப்பு நிலையில் இனப்பெருக்கம் செய்வித்தது. அதன் ஆய்வு நிலையம் இருப்பதும் இதே முட்டுக்காட்டில்தான். இதை அறிந்தபின் என் மகன், பெரிய மீன் கிடைத்தால் படம் எடுத்துக்கொண்டு விட்டுவிடுவது என்று முடிவு செய்தான்.

படகு வந்தது. முதல் நாள் மீன் பிடிக்கப் போகவில்லை. இடுப்பளவு நீரில் நண்பர் அவனை ஆறு முறை வேண்டுமென்றே கவிழச் செய்தார். கவிழ்ந்த படகை நிமிர்த்தி, கால்களை உதைத்து, வயிற்றால் குறுக்கே விழுந்து, திரும்பி அமரவேண்டும். ஒவ்வொரு முறை அவன் தலை நீரில் மறைந்தபோதும் என் நெஞ்சு நின்று நின்று ஓடியது. ஆறாம் முறை அவன் சிரித்துக்கொண்டே ஏறி அமர்ந்தான்.

பின்பு நங்கூரக் கயிற்றை என்னிடம் நீட்டி, "அப்பா, நீங்கள் கட்டிக் கொடுங்கள்" என்றான். என் கை நடுங்கியது. 50 ஆண்டுகளுக்கு மேலாக எவரிடமும் சொல்லாததை அப்போது அவனிடம் சொன்னேன். "அன்று வாழைத்தண்டில் கட்டுப் போட்டவன் நான்தான். தம்பி இறுகக் கட்டச் சொன்னான். போதும் என்று சொல்லிவிட்டேன்." என் தாயாருக்குக்கூடத் தெரியாத செய்தி அது. மகன் ஒன்றும் பேசவில்லை. நீரிலிருந்து ஏறிவந்து என் அருகில் மணலில் அமர்ந்தான். மீனவ நண்பரும் சற்று நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கயிற்றை எடுத்து, "பதினாலு வயசுப் பிள்ளைக்கு யாரும் கட்டுப் போடக் கத்துக்குடுக்கலையே ஐயா. இப்பக் கத்துக்குங்க" என்று சொல்லி, இழுக்க இழுக்க இறுகி, வேண்டும்போது அவிழும் முடிச்சொன்றைக் காட்டினார். நான்கு முறை தவறி, ஐந்தாம் முறை போட்டேன். அவர் தம் முழு பலத்தோடு இழுத்துப் பார்த்தார். கட்டு நின்றது.

அந்த முடிச்சோடுதான் மகன் இன்றும் கழிக்குப் போகிறான். புறப்படுமுன் எங்கே செல்கிறான், எத்தனை மணிக்குத் திரும்புவான் என்று சொல்லிவிட்டுப் போகிறான். முன்போல் மறைப்பதற்கு இப்போது ஒன்றுமில்லை. இதுவரை பிடித்த கொடுவா இரண்டே இரண்டு. மூன்றாவதாகப் பெரியதொன்றை விட்டுவிட்டு வந்ததாகச் சொல்கிறான்; படம் எடுக்க மறந்துவிட்டானாம். என் மனைவி நம்பவில்லை. நான் நம்புகிறேன்.

மாலையில் நான் சிட்லபாக்கம் ஏரிக்கரை நடைபாதையில் நடப்பதுண்டு. நெடுங்காலம் நீரைப் பாராமலே அவ்வழி சென்றவன், இப்போது நின்று பார்க்கிறேன். கரையில் சிறுவர்கள் விளையாடுகிறார்கள். பெற்றோரே, பிள்ளைகளை நீருக்கு அருகே விடாதீர்கள் என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்தவன் ஒருவன் இன்று வேறு சொல்கிறான்: அவர்கள் என்றாவது ஒரு நாள் நீரருகே போகத்தான் போகிறார்கள். அதற்குமுன் நீந்தவும், நல்ல கட்டுப் போடவும் கற்றுக்கொடுத்து விடுங்கள்.