அளகு

கோழி நோயைக் காட்டாது. தளர்ந்துபோனால் கூடத் திரிகிற கோழிகளே கொத்தும். அதனால் நிற்க முடிகிறவரை நிற்கும். இரை பொறுக்குவதுபோல் தரையைக் கொத்திக்கொண்டே இருக்கும், உள்ளே ஒன்றும் போகாது. இதைக் கண்டுபிடிக்க என் முனைவர் பட்டம் உதவாது. அம்மாவுக்கு 71 வயது, எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். பஞ்சாரத்தைத் தூக்கும்போதே சொல்லிவிடுவாள்.

செவலைக்கு எட்டு வயது. முட்டை நின்று இரண்டு வருஷம். புரட்டாசியில் கொண்டை வெளிறி, வால் தணிந்தது. அம்மா விடியலில் அதன் தீனிப்பையைத் தொட்டுப் பார்த்தாள். ராத்திரி தின்றது விடிவதற்குள் இறங்கியிருக்க வேண்டும். கல்லாக இருந்தால் அடைப்பு. தொளதொளவென்று புளித்த வாடை அடித்தால் அது வேறு. செவலைக்குப் பை காலிதான். பிறகு கால்களுக்கிடையே கைவிட்டாள். "ஏட்டி, வயித்துல தண்ணி கட்டியிருக்கு." கழிச்சல் என்றால் சின்ன வெங்காயம், மிளகு, சீரகம், மஞ்சள் அரைத்து உருட்டிக் கொடுப்பவள், இதற்கு அம்மிப் பக்கமே போகவில்லை.

கால்நடை மருத்துவரின் முதல் கேள்வி: "முட்டை வைக்குதா?" இல்லை என்றதும் சிரித்தார். "அப்புறம் எதுக்கு மேடம் வைத்தியம்? குழம்பு வைக்க வேண்டியதுதான?" நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பிறகுதான் ஊசியை எடுத்தார். கை நல்ல கை; ஒரேயடியாக எடுத்தால் தாங்காது என்று நிறுத்தி நிறுத்தி எடுத்தார். ஒரு டம்ளர் அளவுக்கு வைக்கோல் நிறத்தில் நீர். மஞ்சள்கரு வழி தவறி வயிற்றுக்குள் விழுந்து புண்ணாகியிருக்கலாம், சினைப்பையில் கட்டியாகவும் இருக்கலாம் என்றார். கட்டி என்றால் நீர் மறுபடி சேரும்.

கோழிக்கு இடப்பக்கச் சினைப்பை ஒன்றுதான் வேலை செய்யும். காட்டுக்கோழி ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டை வைக்கும். பண்ணைக்கோழியை 300 வரை கொண்டுவந்துவிட்டோம். சினைப்பைப் புற்று கோழிக்குத் தானாகவே வருவதால், பெண்களுக்கு வரும் அந்நோயை ஆராய்கிறவர்கள் கோழியை வைத்தும் ஆராய்கிறார்கள்.

மரபியல் பாடம் நடத்தும்போது 'அளகு' என்ற சொல்லில் கொஞ்சம் நிற்பேன். கோழிக்கும் கூகைக்கும் தொல்காப்பியம் தருகிற பெண்பெயர் அது. இளமைக்கு ஒரு வரிசை, ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. கிழடு தட்டியவற்றுக்கென்று வரிசை கிடையாது.

அன்றிரவு சாக்கு விரித்த கூடையில், குண்டு பல்பின் சூட்டில் செவலையை வைத்து, வெல்லம் கரைத்த நீரை அலகோரம் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தோம். அம்மா கோழியைப் பார்த்தபடியே சொன்னாள்: "எனக்கும் மூணு மாசமா படுது."

"என்ன படுது?"

"தீட்டு."

அந்தச் சொல்லை இந்த வீட்டில் யாரும் சொல்லக் கூடாதென்று வைத்திருந்தேன். அன்று திருத்தவில்லை. நின்று இருபது வருஷம் ஆனவள். நான் கல்லூரிக்குப் போனபின் துணியை அலசி, முருங்கைக்குப் பின்னால் காயப்போட்டிருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "வலி இல்லயே. நீயும் பேப்பர் திருத்திக்கிட்டு இருந்த."

மறுநாளே கூட்டிப்போனேன். "எத்தனை பிள்ளைங்கம்மா?" என்றார் மருத்துவர். "நாலு பெத்தேன். ரெண்டு தங்குச்சு." எத்தனை நாளாகப் படுகிறது என்றதற்கு, "ஒரு வாரமா" என்றாள். மூன்று மாதம் என்று நான் குறுக்கே சொன்னதும் முறைத்தாள். மாதவிடாய் நின்று ஒரு வருஷம் கடந்தபின் ஒரு துளி பட்டாலும் வந்து காட்ட வேண்டும், வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது என்றார் மருத்துவர்.

செவலை இன்னும் பதினோரு நாள் இருந்தது. கொய்யா மரத்தடியில் குழி தோண்டினோம். அம்மாவின் கர்ப்பப்பையிலிருந்து திசு எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். வியாழக்கிழமை முடிவு வரும்.