ஓடிக்கொண்டே பிழை செய்யும் இயந்திரம்

பத்து ஆண்டுகள் உழைத்துத் தளர்ந்த என் பழைய கணினி, ஒரு கோப்பைத் திறக்கவே நிமிடக் கணக்கில் காக்க வைத்தது. ஆகவே உதிரிபாகங்களை வாங்கி, புதிய மேசைக் கணினி ஒன்றை நானே பொருத்தினேன். மதர்போர்டில் பிராசஸரை அமர்த்தி, அதன்மேல் பட்டாணி அளவு வெப்பப் பசையிட்டு, விசிறியைப் பூட்டினேன். சுழலும் ஹார்ட் டிஸ்க்கிற்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. வைத்தேன். நிமிடங்கள் விநாடிகளாயின. அத்துடன் என் மனம் நிறைவடைந்திருக்க வேண்டும்.

ஆனால் நிறையவில்லை. நான் வாங்கிய டி.டி.ஆர்.4 ரேம் 3200 என்னும் வேகத்திற்கு உரியது. ஆயினும் பயாஸில் எக்ஸ்.எம்.பி. என்ற அமைப்பை இயக்கும்வரை 2133-லேயே ஓடிக்கொண்டிருந்தது. அதை இயக்கினேன். மின்னழுத்தம் 1.2 வோல்ட்டிலிருந்து 1.35 வோல்ட்டாக உயர்ந்தது. அதுவரை தயாரித்தவர் குறித்த எல்லை. அதன்பின், என் விருப்பப்படி வேகத்தை 3600 ஆக்கினேன். கணினி மறுப்பின்றி இயங்கியது. வென்றுவிட்டதாக எண்ணினேன்.

அன்றிரவே குடும்பப் புகைப்படங்களையும், மறைந்த என் தாயாரின் குரல் பதிவுகளையும் பழைய டிஸ்க்கிலிருந்து மாற்றினேன். எந்த எச்சரிக்கையும் வரவில்லை. சில நாட்களுக்குப்பின் ஒரு படத்தைத் திறந்தேன்; அதன் கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறமாயிருந்தது. தாயாரின் பதிவொன்று நடுவிலே கரகரத்து அறுந்தது.

மெம்டெஸ்ட்86 என்னும் சோதனையை இரவு முழுவதும் ஓடவிட்டேன். காலையில் திரையில் பிழைகள் வரிசையாக நின்றன. 1 என்று எழுதியது சில இடங்களில் 0 என்று திரும்பியிருந்தது. சர்வர்களில் உள்ளதுபோல் பிழையைக் கண்டு திருத்தும் ரேம் அல்ல என்னுடையது. எனவே கணினி நிற்கவில்லை. தவறானதையே மெய்யென்று எடுத்து எழுதி வைத்தது.

பழைய டிஸ்க்கை அழித்து ஒருவருக்குக் கொடுக்க எண்ணியிருந்தேன். களைப்பினால் அதைத் தள்ளிப்போட்டிருந்தேன், அதுவே காத்தது. வேகத்தை 3200-க்கு இறக்கி, மறுபடியும் ஓர் இரவு சோதித்தேன். பிழை ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் மீண்டும் நகலெடுத்து, ஒவ்வொன்றையும் மூலத்தோடு ஒப்பிட்டேன். தாயாரின் குரல் முழுமையாகக் கேட்டது. 3600-க்கும் 3200-க்கும் இடையே என் அன்றாட வேலையில் ஒரு வேறுபாடும் நான் உணரவில்லை.

பிரியமானவர்களே, நின்றுபோகும் இயந்திரம் தன் பழுதைத் தானே சொல்லிவிடுகிறது. ஓடிக்கொண்டே பிழை செய்வதை நாம்தான் நிறுத்திப் பார்க்கவேண்டும். அந்த வாரங்களில் வீட்டார் சொன்னவற்றில் எத்தனையை நான் பாதியாகக் கேட்டேன் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். வேலைகள் யாவும் நடந்தன. எச்சரிக்கை எதுவும் வரவில்லை.

உங்கள் நாட்களும் விரைந்து ஓடுகின்றனவா? ஓர் இரவு நிறுத்திச் சோதியுங்கள். பழையதை அழிக்குமுன் அதைச் செய்யுங்கள்.