சால்மன் ஏறும் ஆறு

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் நம்மவர்களின் புடவைக்கடைகளும் இடியப்பக் கடைகளும் நெருங்கி நிற்கும் தெருக்களிலிருந்து கிழக்கே போனால், வீடுகள் திடீரென்று நின்றுவிடுகின்றன. ருவின் றிவர்ஸ் வீதி பள்ளத்தில் இறங்குகிறது. அடியில் குறுகிய பழைய பாலம், அதன் கீழே ரூஜ் ஆறு.

"செப்டெம்பர் கடைசியில வாங்கோ, மீன் ஏறுறதைப் பாக்கலாம்" என்று மச்சாள் சொல்லியிருந்தார். முழங்கால் ஆழத் தண்ணீரில் சினூக் சால்மன்கள் முதுகு வெளியே தெரிய எதிர்த்து ஏறிக்கொண்டிருந்தன. கல்லில் உரசி உரசி வால்கள் வெளிறியிருந்தன. ஒன்ராறியோ ஏரியிலிருந்து வந்து, முட்டையிட்டுவிட்டு இங்கேயே இறந்துபோகும் மீன்கள். ஒன்று சரளைக்கல் திட்டைத் தாண்டியபோது கரையில் நின்ற பிள்ளைகளோடு சேர்ந்து நாங்களும் கை தட்டினோம்.

ஆனால் இவை பசிபிக் பக்கத்திலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட இனம். ஏரிக்கு உரிய அட்லாண்டிக் சால்மன் 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அழிந்துவிட்டது. ஆலைகளுக்காக ஆறுகளை மறித்தார்கள், கரைக்காட்டை வெட்டினார்கள், வண்டல் இறங்கி முட்டையிடும் படுகைகள் மூடிப்போயின. பிடித்த மீனுக்கும் அளவில்லை. பாலத்தருகிலிருந்து மேட்டில் ஏறும் மாஸ்ற் நடைபாதைகூட, கப்பல்களின் பாய்மரத்துக்காக வெட்டிய பைன் மரங்களை இழுத்துச் சென்ற தடம்தான்.

இவ்வளவு பெரிய நகரத்தில் இந்தப் பள்ளத்தாக்கு எப்படித் தப்பியது? 1954இல் ஹேசல் புயல் ரொறன்ரோ பகுதியில் 81 பேரைக் கொன்றது. அதன்பிறகு ஆற்றுவெளிகளில் வீடு கட்ட விடவில்லை. 1970களிலிருந்து ஊர்மக்கள் விடாமல் போராடினார்கள். 2015இல் இது கனடாவின் முதல் தேசிய நகரப் பூங்காவாகச் சட்டமானது. நுழைவுக்கட்டணம் கிடையாது.

சுமார் 79 சதுர கிலோமீட்டர் என்ற பரப்பைவிட, பூங்கா கிடக்கும் விதமே எனக்குப் பெரிதாகப்பட்டது. தெற்கே ஏரிக்கரைச் சதுப்பிலிருந்து வடக்கே ஓக் றிட்ஜஸ் மேட்டுநிலம் வரை நீண்டு கிடக்கிறது. மானும் நரியும் ஊருக்குள் நுழையாமலே போய்வரலாம். ஆனால் 401ஆம் நெடுஞ்சாலையும் 407உம் ரயில் பாதைகளும் அதைக் குறுக்கே வெட்டுகின்றன. மரங்களுக்கு நடுவே நின்றாலும் வாகன இரைச்சல் கேட்கிறது.

இந்த வெட்டுகளால் அதிகம் அடிபடுவது ஆமைகள். மஞ்சள் கழுத்துடைய பிளாண்டிங் ஆமை இங்கே விரல்விட்டு எண்ணுமளவுக்குக் குறைந்திருந்தது. முட்டைகளைச் சேகரித்து, ரொறன்ரோ விலங்குக்காட்சிச்சாலையில் குஞ்சுகளை இரண்டு ஆண்டுகள் வளர்த்து, 2014 முதல் சதுப்பில் விடுகிறார்கள். இந்த ஆமை முட்டையிடும் பருவத்துக்கு வரவே 15, 20 ஆண்டுகள் ஆகலாம். அப்போது அது நீரைவிட்டு வெளியேறி, பொலபொலப்பான மண் தேடி வெகுதூரம் நடக்கும். வீதியோரத்துச் சரளைமண் அதற்குப் பிடித்த இடம்.

முதலில் விட்ட குஞ்சுகள் அந்தப் பருவத்தை நெருங்குகின்றன. ஆமை கடக்கும் வீதிகள் எல்லாவற்றிலும் ஓரவேலியும், அடியால் கடந்துபோகும் குழாய்வழியும் இப்போதே இருக்கவேண்டும்.