புளியந்தீவுக் கோட்டையும் சட்டைப்பைத் துப்பாக்கியும்

மட்டக்களப்பு என்றதும் வெளியூரார் நினைவில் முதலில் எழுவது பாடுமீன். நிலாக் காலத்தில் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்கும் ஆசை யாரைத்தான் விட்டது? 1924 இல் திறக்கப்பட்ட அப்பழைய பாலத்தைக் கடந்து புளியந்தீவுக்குள் வருவோர் வாவிக்கரையில் உள்ள கோட்டையையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துச் செல்வர். கொத்தளத்தில் ஏறி வாவியின் அழகைப் பார்ப்பவர்கள் பலர். காலடியில் கிடக்கும் பீரங்கியைப் பார்ப்பவர்கள் சிலர். அந்தப் பீரங்கியையும், பின்னாளில் அதன் குலத்திற் பிறந்து சட்டைப்பைக்குள் அடங்கிவிட்ட ஒரு பேரப்பிள்ளையையும் பற்றியே இங்கு எழுத முனைகிறேன்.

ஒல்லாந்தக் கப்பற்றலைவன் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்புக் கடலில் நங்கூரமிட்டது 1602 ஆம் ஆண்டில். அவன் இங்கிருந்தே கண்டிக்குச் சென்று விமலதர்மசூரிய மன்னனைக் கண்டான். இந்த வாசலின் பெறுமதியை உணர்ந்த போர்த்துக்கேயர் 1628 இல் புளியந்தீவிற் கோட்டை கட்டினர். பத்தாண்டுகள்கூட அவர்கள் அதிற் காலூன்றி இருக்கவில்லை எனலாம். இரண்டாம் இராஜசிங்கனின் படைத்துணையோடு 1638 மே 18 இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர். இலங்கையில் அவர்கள் வசமான முதற் கோட்டை இதுவே. 1795 இல் ஆங்கிலேயர் வந்தனர். மூன்று கொடிகள் மாறின. ஒவ்வொன்றும் பீரங்கியின் பின்னாலேயே வந்தது.

மொழியும் இதற்குச் சாட்சி சொல்கிறது. ‘பறங்கி’ என்ற சொல்லும் ‘பீரங்கி’ என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை என்பர் சொல்லாராய்ச்சியாளர். ஆளையும் ஆயுதத்தையும் நம் முன்னோர் ஒரே பெயரால் அறிந்தார்கள் போலும். நாம் பேச்சில் வழங்கும் ‘துவக்கு’, தமிழகத்தார் கூறும் ‘துப்பாக்கி’ ஆகிய இரண்டுமோ துருக்கி மொழியின் ‘துஃபெக்’ என்பதோடு உறவுடையவை. மட்டக்களப்பில் இன்றும் வாழும் பறங்கியர் சமூகம் தச்சு வேலைக்கும் இரும்பு வேலைக்கும் பெயர் பெற்றது என்பதை இவ்விடத்தில் நினைத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஆரம்ப காலத் துவக்கு திரித் துவக்கு. புகைந்துகொண்டிருக்கும் திரியை வெடிமருந்தில் தொட்டாற்றான் வெடிக்கும். எரியும் திரியைச் சட்டைக்குள் மறைக்க முடியுமா? ஆகவே அக்காலத்தில் துவக்கு வைத்திருப்பவனை எட்டத்திலேயே அறிந்துகொள்ளலாம். இரவிலோ, திரியின் நெருப்பே அவனைக் காட்டிக் கொடுத்துவிடும். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் சக்கரப் பொறி தோன்றியது. முறுக்கிவைத்த சிறு சக்கரம் சுழன்று கல்லில் உராய்ந்து பொறி எழுப்பும். திரி தேவையில்லை. மருந்திட்ட கைத்துப்பாக்கியை அங்கியின் உள்ளே வைத்துக்கொண்டு சந்தைக்கும் கோயிலுக்கும் போக முதன்முறையாக மனிதனால் முடிந்தது. அதன் அபாயத்தை உடனே உணர்ந்த பேரரசன் முதலாம் மாக்ஸிமிலியன் 1517 அளவிலேயே அதற்குத் தடை விதித்தான். தடை நிலைக்கவில்லை.

பின்னர் சிக்கிமுக்கிக் கல் வந்தது. அதன் பின் பறவை வேட்டையில் மோகங்கொண்ட ஒரு ஸ்கொத்லாந்துப் பாதிரியார், அலெக்ஸாந்தர் ஃபோர்சைத், கல்லின் ஒளியைக் கண்டு பறவைகள் பறந்துவிடுவதாற் சலிப்புற்று, அடித்தால் வெடிக்கும் இரசாயன மருந்தைப் பயன்படுத்தும் முறையை 1807 இற் பதிவு செய்தார். அதிலிருந்தே செப்புத் தொப்பி பிறந்தது. கிறிஸ்துவின் ஊழியர் ஒருவர் பறவைகளுக்காகச் செய்தது வேறெங்கெல்லாமோ போய்ச் சேர்ந்தது.

ஆயினும் ஒரு முறை சுட்டால் ஒரு முறைதான். பல முறை சுடும் ஆசையைப் பூரணமாக்கியவர் சாமுவேல் கோல்ற். 1830 இற் பதினாறு வயதுச் சிறுவனாகக் ‘கோர்வோ’ என்ற கப்பலிற் கல்கத்தாவுக்குப் பிரயாணம் செய்தபோது, கப்பலிற் சுழன்று சுழன்று நிலைகொள்ளும் பொறியைக் கண்டு மரத்தில் ஒரு மாதிரி செதுக்கினார் என்று கூறுவர். எங்கள் வங்காள விரிகுடாவை நோக்கி வந்த கப்பலில்தான் றிவோல்வர் கருக்கொண்டது என்றால் நம்புவதற்கு விசித்திரமாகவே இருக்கிறது. குதிரையைப் பின்னிழுத்தால் உருளை ஓர் அறை சுழன்று குழலுக்கு நேரே வந்து பூட்டிக்கொள்ளும். இதுவே அதன் சூட்சுமம். 1836 இல் அமெரிக்காவிற் காப்புரிமை கிடைத்தது. 1849 இன் சட்டைப்பை மாதிரி மட்டும் 3 இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. 1857 இல் ஸ்மித் அன்ட் வெஸன் நிறுவனத்தார் உலோகத் தோட்டா இடும் ஏழுவேட்டுச் சிறு றிவோல்வரை வெளியிட்டனர். 1872 இல் இங்கிலாந்தில் வெப்லி நிறுவனத்தின் ‘புல்டோக்’ வந்தது. பெல்ஜியத்தில் அதன் நகல்கள் குவிந்தன.

இச்சிறு கருவிகளின் சரித்திரம் போர்க்களங்களின் சரித்திரம் அன்று. நாடக அரங்கு, புகையிரத நிலையம், வீட்டு விறாந்தை: இவையே அவற்றின் களங்கள். 1865 இல் லிங்கனின் உயிரைக் குடித்தது உள்ளங்கையில் அடங்கும் ஒற்றைவேட்டுத் துப்பாக்கி. 1881 இல் ஜனாதிபதி கார்பீல்ட் மீது பாய்ந்தவை ஒரு புல்டோக்கின் ரவைகள். 1911 ஜூன் 17 இல் மணியாச்சிச் சந்திப்பில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்து பிரௌனிங்கால். அது உருளை இல்லாத வேறு இனம். 1959 செப்டெம்பரில் எமது பிரதமர் பண்டாரநாயக்கா தம் வீட்டு விறாந்தையில் ஒரு பிக்குவை வணங்கி நிமிர்ந்தபோது, காவியுடைக்குள்ளிருந்து வெளிவந்தது றிவோல்வர்.

இத்தகைய பொருள்களைத் தேடிச் சேர்ப்போர் உலகெங்கும் உளர். அவர்கள் பார்ப்பது குண்டு பாயும் தூரத்தையன்று. பாகங்களில் பொறித்த இலக்கங்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா, செய்தவன் முத்திரை தெளிவாயுள்ளதா, பழைய மெருகு எஞ்சியுள்ளதா என்பவற்றையே நுணுகி ஆராய்வர். காலம் பூசிய பழுப்பு நிறத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்குபவனை அவர்கள் மன்னிப்பதில்லை. அமெரிக்கச் சட்டம் 1898 அல்லது அதற்கு முன் செய்யப்பட்டவற்றைப் பழம்பொருள் எனத் தனியாக வகுத்துள்ளது. எமது நாட்டிலோ 1916 ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரமின்றித் துவக்கு வைத்திருத்தல் குற்றம்.

சேகரிப்பு என்ற சொல்லுக்குக் கொள்ளை என்ற பொருளும் சில வேளை உண்டு. 1765 இல் ஒல்லாந்தப் படை கண்டி அரண்மனையைச் சூறையாடி, பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் இழைத்த சிறு பீரங்கி ஒன்றை எடுத்துச் சென்றது. லெவ்கே திசாவை மன்னனுக்குக் காணிக்கையாக அளித்தது அது. ஒல்லாந்து அதிபதி ஐந்தாம் வில்லியத்தின் விநோதப் பொருட் சேகரிப்பில் அமர்ந்து, பின் றைக்ஸ் அருங்காட்சியகத்தை அடைந்தது. அதே போரின் முடிவில், 1766 உடன்படிக்கையால், மட்டக்களப்பு உட்பட இலங்கைக் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் உரிமையாயிற்று என்பதை எம் மாணவர் மறவாதிருத்தல் நன்று. 2023 டிசெம்பரில் அப்பீரங்கியோடு இரு வாள்கள், ஒரு கத்தி, இரண்டு பெருந்துவக்குகள் என ஆறு பொருள்கள் கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்துக்குத் திரும்பி வந்தன. இந்நாட்டுக் கம்மாளர் துவக்குச் செய்வதில் அடைந்த தேர்ச்சியைப் போர்த்துக்கேய வரலாற்றாசிரியரே வியந்து எழுதியுள்ளனர். அதை மெய்யோ என ஐயுறுவோர் இவற்றை ஒரு முறை பார்க்கட்டும்.

இவற்றைப் பற்றி வகுப்பிற் பேசும்போது என் குரல் இயல்பாக இருப்பதில்லை. படுவான்கரையில் யானைக்கும் பன்றிக்கும் அஞ்சி வயற்காரர் வைத்திருந்த இடியன் துவக்கைத் தவிர வேறெதையும் அறியாதவர் எம் பாட்டன்மார். எம் தலைமுறையோ அடையாள அட்டையை நீட்டியபடி துவக்குமுனைகளுக்கு இடையே பாலங்கடந்து படிக்கப் போனது. 2005 நத்தார் நள்ளிரவுப் பூசையில், கோட்டை நிற்கும் அதே புளியந்தீவில், புனித மரியாள் பேராலயத்துள் வைத்துப் பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். மாக்ஸிமிலியன் அஞ்சியது இதையன்றோ? கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் றிவோல்வரின் தந்தப் பிடியை ஒரு மாணவன் “அழகாயிருக்கிறது, சேர்” என்று சொல்லும்போது, அழகுதான் என்று ஒப்புக்கொள்கிறேன். உடனே அதை யார் எங்கே வைத்திருந்தார் என்றும் கேட்கச் சொல்கிறேன்.

கடைசியாக ஒரு வார்த்தை. எங்கள் பகுதியிற் கிணறு வெட்டும்போதும் பழைய வீடு இடிக்கும்போதும் துருப்பிடித்த ஆயுதம் அகப்படுவதுண்டு. அது பாட்டன் காலத்ததா, நேற்றையதா என்று தேய்த்துப் பார்த்தல் ஆகாது. கறுப்பு வெடிமருந்து ஈரம் படாதிருந்தால் நூறாண்டு கழித்தும் தீப்பற்றும். மண்ணை மூடிவிட்டு, பிள்ளைகளை அப்பால் அனுப்பிவிட்டு, பொலீஸாருக்குச் சொல்லுங்கள். உண்மையிலேயே பழம்பொருளாயின் தொல்பொருள் திணைக்களத்தார் வந்து பார்த்துக்கொள்வர்.