ஐவருக்கும் ஒரே மதிப்பெண்

பள்ளிக்கூடம் விட்டு வந்த என் பேத்தி, தோளிலிருந்த பையைக்கூட இறக்காமல் முற்றத்தில் நின்று அழுதாள். நால்வர் சேர்ந்து செய்ய வேண்டிய செயல்திட்டத்தை இவள் ஒருத்தியே மூன்று இரவுகள் கண்விழித்து முடித்தாளாம். பசைப் புட்டியைத் திறந்துகூடப் பாராத மற்ற மூவருக்கும் இவளுக்கும் ஒரே மதிப்பெண்ணாம். "இது நியாயமா?" என்று என்னைக் கேட்டாள். இருபத்தெட்டு ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தவளிடம் விடை இருக்கும் என்று நம்பினாள் போலும். எனக்கு நா எழவில்லை. இதே அநியாயத்தை நானும் ஒரு பிள்ளைக்குச் செய்திருக்கிறேன்.

2012ஆம் ஆண்டில் தமிழக அரசு ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறையைக் கொண்டுவந்தது. பாடப்புத்தகம் மூன்றாகப் பிரிந்தது. பிள்ளைகளின் பையும் இளைத்தது. நூறு மதிப்பெண்ணில் 60 பருவத் தேர்வுக்கு. மீதி 40, வகுப்பில் அவ்வப்போது செய்யும் வேலைகளைப் பார்த்து ஆசிரியர் இடும் வளரறி மதிப்பீட்டுக்கு. செயல்திட்டங்கள் இதில்தான் அடங்கும். நல்ல ஏற்பாடென்றே இன்றும் கருதுகிறேன். ஆனால் என் வகுப்பில் ஐம்பது பிள்ளைகள். ஐம்பது செயல்திட்டங்களைத் திருத்துவதைவிடப் பத்தைத் திருத்துவது எளிது. ஒற்றுமை, கூட்டு முயற்சி என்றெல்லாம் தலைமையாசிரியையிடம் காரணம் சொன்னேன். உண்மைக் காரணம் இதுதான். இந்த வயதில் மறைப்பானேன்?

மேலப்பாளையத்தின் ஊடே ஓடும் பாளையங்கால்வாயைப் பற்றி எழுதிவருமாறு எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஐவர் ஐவராகப் பிரித்தேன். ஒரு குழுவின் ஏடு வந்தபோது வியந்து போனேன். தாமிரபரணியிலிருந்து நீர் பிரிந்துவரும் பாதை, வயல்கள், படித்துறைகள் எல்லாம் வண்ணப் படங்களாக விரிந்திருந்தன. இருபது பக்கமும் ஒரே கையெழுத்து. அட்டையிலிருந்த ஐந்து பெயர்களும் அதே கையெழுத்து. கண்டேன், கண்டும் ஐவருக்கும் பத்துக்கு ஒன்பது போட்டேன். எழுதிய பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. ஏட்டை வாங்கிக்கொண்டு தன் இடத்தில் போய் அமர்ந்தாள்.

இரண்டாம் பருவத்தில் அதே குழுவிலிருந்து இரண்டே தாள்கள் வந்தன. அவளை அழைத்து, "என்னம்மா இது?" என்றேன்.

"இந்தத் தடவை நானும் பேரை மட்டும் எழுதினேன், டீச்சர்" என்றாள்.

அக்குரலில் கோபமில்லை, குத்தலுமில்லை. கணக்குக்கு விடை சொல்வதுபோலச் சொன்னாள். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மதிப்பெண் என்பது ஆசிரியையின் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். நானோ ஒருத்தியின் ஹக்கை எடுத்து நால்வருக்குப் பங்கிட்டு, அதற்கு ஒற்றுமை என்று பெயரும் சூட்டியிருந்தேன்.

இதைப் பற்றி யாரேனும் ஆராய்ந்திருக்கிறார்களா என்று தேடிப் படிக்கலானேன். ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியியலாளர், ஆட்களைக் கயிறு இழுக்கச் செய்து அளந்து பார்த்திருக்கிறார். எட்டுப் பேர் கூடி இழுத்தபோது, ஒவ்வொருவரும் தனியே காட்டும் வலிமையில் ஏறக்குறையப் பாதிதான் வெளிப்பட்டதாம். 1913ல் வெளிவந்த கணக்கு இது. ஒரே நேரத்தில் சேர்ந்து இழுக்கத் தெரியாததும் ஒரு காரணம். தான் இழுப்பது பிறர் கண்ணில் படாது என்ற எண்ணமும் ஒரு காரணம். பிரான்சு நாட்டு ஆண்களே அப்படியென்றால், என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் குறைசொல்லி என்ன பயன்?

எலியட் அரன்சன் என்ற உளவியல் அறிஞர் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் 1971ல் கண்ட வழியே எனக்குக் கைகொடுத்தது. வெள்ளை, கறுப்பு இனப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் சேர்த்து அமர்த்தியதால் அங்கே பூசல் மிகுந்திருந்த காலம் அது. பாடத்தைத் துண்டுகளாக்கி, குழுவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டைக் கொடுத்தார். அதை அப்பிள்ளை கற்று மற்றவர்களுக்குக் கற்பிக்க வேண்டும். ஒருவர் வாய் திறக்காவிட்டால் மற்றவர்க்குப் பாடம் முழுமை பெறாது.

மூன்றாம் பருவத்தில் மீண்டும் பாளையங்கால்வாயையே எடுத்துக்கொண்டேன். ஒவ்வொருத்திக்கும் ஒரு பகுதி. பத்தில் ஏழு மதிப்பெண் அவரவர் பகுதிக்கு. மூன்று மட்டும் குழுவுக்குப் பொது. யார் எந்தப் பகுதியைப் பற்றிப் பேசுவது என்பதை அன்றைக்குச் சீட்டுக் குலுக்கித்தான் சொல்வேன் என்றும் அறிவித்துவிட்டேன்.

அக்குழுவில் வாயே திறவாத ஒரு பிள்ளை இருந்தாள். மாலையானால் உம்மாவின் பக்கத்தில் அமர்ந்து பீடி இலை வெட்டிக் கொடுப்பவள். கால்வாயைப் பற்றி முதியவர்களின் நினைவுகளைத் திரட்டுவது அவள் பகுதி. தன் உம்மாவைப் பெற்ற பாட்டியாரிடம் கேட்டுவந்து, கால்வாயில் முதல் நீர் வரும் நாளில் தெருப் பெண்களெல்லாம் துணிமூட்டையோடு ஓடியதை அவள் சொல்லச் சொல்ல, மணி அடித்ததுகூடப் பிள்ளைகளின் செவியில் விழவில்லை. முதல் பருவத்தில் அவளிடம் யாரும் எதுவும் கேட்கவே இல்லையே!

மிகவும் திண்டாடியவள் யார் தெரியுமா சகோதரிகளே? அந்தக் கெட்டிக்காரப் பிள்ளைதான். மற்றவர்கள் எழுதிய பக்கங்களை இரவோடிரவாகத் தன் கையெழுத்தில் மாற்றி எழுதி வந்துவிட்டாள். மூலத் தாள்களையே கொண்டுவரச் சொன்னேன். "இவ்வளவு பிழையோடா, டீச்சர்?" என்று கண்கலங்கினாள். பிறரிடம் ஒரு வேலையை ஒப்படைத்துப் பொறுத்திருப்பது, தானே செய்து முடிப்பதைவிடக் கடினம். அதை நான் யாருக்கும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. மதிப்பெண் மட்டும் போட்டுவந்தேன்.

எல்லோரும் திருந்தினர் என்று எண்ணிவிடாதீர்கள். அந்த ஐவரில் ஒருத்தி அப்போதும் எதுவும் செய்யவில்லை. ஏழுக்குப் பூஜ்யம் போட்டேன். அவள் உம்மா மறுநாளே பள்ளிக்கு வந்து, "எல்லாருக்கும் போட்டீங்க, என் பிள்ளைக்கு மட்டும் ஏன் போடல?" என்று சண்டையிட்டார். வேறொரு குழுவில் ஒரு பகுதியைப் பிள்ளையின் வாப்பாவே எழுதியிருந்தார். கேள்வி கேட்டதும் தெரிந்துபோயிற்று. பிள்ளையின் செயல்திட்டத்துக்காகக் கடையில் படத்தாள் வாங்கிவந்து நாமே வெட்டி ஒட்டுகிறோமே, தாய்மார்களே, அந்த மதிப்பெண் யாருக்கு உரியது?

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த என் பேத்தி, "அந்த ராத்தாகிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா?" என்றாள்.

கேட்கவில்லை. முறையை மாற்றினேனே தவிர, அவளிடம் ஒரு சொல் சொல்லவில்லை. முதல் பருவத்து ஒன்பதுகளும் பதிவேட்டில் அப்படியே இருந்தன.

அன்று மஃரிபுக்குப் பிறகு பேத்தியும் நானும் அமர்ந்து அவள் ஆசிரியைக்கு ஒரு கடிதம் எழுதினோம். மதிப்பெண்ணைக் குறைக்கவோ கூட்டவோ கேட்கவில்லை. நால்வரிடமும் ஆளுக்கு ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள் என்று மட்டுமே எழுதினோம். நான்கு நாட்களாகிவிட்டன. கடிதம் இன்னும் அவள் பையில்தான் இருக்கிறது. கொடுத்தால் மூவரும் தன்னோடு பேசாமல் போய்விடுவார்களோ என்று தயங்குகிறாள். நானும் வற்புறுத்தவில்லை.