மூச்சுத் திணறும் பூனைக்குட்டிகள்

தாயை இழந்து, தெருவோரம் தும்மித் திரியும் பூனைக்குட்டியைக் காண்போர், 'வெறுஞ்சளிதானே!' எனக் கடந்து செல்கின்றனர். பெரும்பாலும் ஹெர்பிஸ், கேலிசி எனும் வைரஸ்களால் வரும் இந்நோயில் மூக்கடைத்துப் போவதால் குட்டிக்கு மணம் தெரிவதில்லை. மணம் தெரியாத உணவைப் பூனை தொடுவதும் அரிது. பிணியோடு பட்டினியும் சேர்ந்தே அதன் உயிரைக் குடிக்கிறது.

எம் இல்லத் திண்ணையில் ஒதுங்கும் இத்தகைய குட்டிகளின் மூக்கை வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சினால் துடைத்து, கதகதப்பான துணியில் கிடத்தி, பால்குடி மறந்தவற்றிற்கு இளஞ்சூடான மீனை மசித்து வைப்போம். சில பிழைத்தன, சிலவற்றை எம் கையாலேயே புதைத்தோம்.

அன்பர்களே, பாராசிட்டமால் மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது நஞ்சு. குட்டி வாய் திறந்து மூச்சிரைக்குமாயின், கைவைத்தியத்தில் காலம் கடத்தாது, உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.